கியர் நறநறப்பது எதனால்? வேகக் கார்களின் கியர் ஆயில் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: டர்போ பொருத்திய, ஆறு கியர் கொண்ட கார் ஒன்றை வைத்திருக்கிறேன். நிதானமாக ஓட்டும்போது எல்லாக் கியர்களும் தடையின்றி விழுகின்றன. இன்ஜினை நிமிடத்துக்கு 7,000 சுற்று வரை இழுத்து, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு விரைவாகத் தள்ளினால் மட்டும் ‘நறநற’வென்று சத்தம் வருகிறது, அதிர்வு லிவர் வழியாகக் கைக்கு வருகிறது. தடிமனான கியர் ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கியர் சக்கரங்களின் பெரிய பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுழல்கின்றன, அவை நறநறப்பதில்லை. நீங்கள் லிவரைத் தள்ளும்போது நகர்வது ஸ்லீவ் என்னும் வளையம். அது போய்க் கோத்துக்கொள்ள வேண்டிய சிறிய, கூர்முனைப் பற்கள் கியரின் பக்கவாட்டில் இருக்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் ஓசையின்றி இணையும். வேகம் வேறாக இருக்கும்போதே ஸ்லீவ் உள்ளே புகுந்துவிட்டால் கூர்முனைகள் ஒன்றையொன்று அடிக்கின்றன. உங்கள் கையில் உணரும் அதிர்வு அந்த அடிகள்தான்.

அந்த வேக வேறுபாட்டைத் தீர்க்கும் வேலை சின்க்ரோ வளையத்தினுடையது. பெரும்பாலும் பித்தளையாலோ வெண்கலத்தாலோ ஆன இந்த வளையம், கியரின் பக்கத்தில் உள்ள கூம்பின் மீது அழுந்தி, சுழலும் குயவர் சக்கரத்தை உள்ளங்கையால் அணைத்து நிறுத்துவது போல, உராய்வினாலேயே வேகத்தைச் சமன் செய்கிறது. வேகம் சமமாகும் வரை ஸ்லீவைக் குறுக்கே நின்று தடுப்பதும் அதே வளையம்தான். உராய்வு போதவில்லை என்றால் அந்தத் தடுப்பு வலுவிழந்து, கையின் வேகத்துக்கு ஸ்லீவ் முந்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறது.

அதிக சுற்றில் மட்டும் ஏன் சத்தம் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். இரண்டாவது கியரின் விகிதம் 2.0, மூன்றாவதன் விகிதம் 1.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,000 சுற்றில் மாற்றினால் கிளட்ச் தகடும், இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸுக்குள் வரும் தண்டும் 2,250 சுற்றுக்கு இறங்க வேண்டும், வேறுபாடு 750. 7,000 சுற்றில் மாற்றினால் 5,250-க்கு இறங்க வேண்டும், வேறுபாடு 1,750. கூம்பில் வெப்பமாகக் கரைய வேண்டிய ஆற்றல் இந்த வேறுபாட்டின் இருபடிக்கு ஏற்ப உயர்வதால், அது ஐந்து மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. நீங்களோ அதற்கு முன்னைவிடக் குறைவான நேரத்தையே தருகிறீர்கள். ஓரளவு தேய்ந்த சின்க்ரோ நிதானமான ஓட்டத்தில் தன் தேய்மானத்தை மறைத்துக்கொண்டு, வேகமான மாற்றத்தில் மட்டும் அதைக் காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

எண்ணெயின் பங்கு இங்கேதான் வருகிறது. கியர் பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் வழுக்கல் வேண்டும். சின்க்ரோ கூம்புக்குப் பிடிப்பு வேண்டும். ஒரே எண்ணெய் இரண்டையும் தந்தாக வேண்டும். சின்க்ரோ வளையத்தின் உட்புறத்தில் நுண்ணிய திருகு வரிகளும், குறுக்கே சில பள்ளங்களும் வெட்டப்பட்டிருக்கும். கூம்பின் மேலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கீறி வெளியேற்றுவதே அவற்றின் பணி. தடிமனான எண்ணெய் அவ்வளவு எளிதில் வெளியேறாது. அது வெளியேறும் வரை வளையம் படலத்தின் மீது வழுக்கிக்கொண்டே இருக்கும். மேல் கியருக்கு மாற்றும்போது தடிமனான எண்ணெயின் இழுவை தண்டைச் சற்று வேகம் குறையச் செய்வதால், சில கார்களில் சத்தம் குறைந்ததுபோலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி அடுத்த ஆறு மாதம் ஓட்டினால் ஸ்லீவின் கூர்முனைகள் மழுங்கிவிடும். அதற்குப் பின் எந்த எண்ணெயாலும் பயனில்லை.

ஆகவே, கார் நிறுவனம் குறித்துள்ள அதே தரத்திலும் அதே பாகுத்தன்மையிலும் புதிய எண்ணெயை ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பழைய எண்ணெய் அடிபட்டு நீர்த்துப்போனதோ அழுக்கேறியதோ காரணமாக இருந்தால், இந்த ஒரு மாற்றத்திலேயே தெளிவான வேறுபாடு தெரியும். தெரியாவிட்டால் மூன்றாவது கியரின் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். புதிய வளையத்துக்கும் கியரின் முகப்புக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருக்கும். வளையம் தேயத் தேய அது கூம்பின் மேல் மேலும் உள்ளே இறங்கி, இடைவெளி குறைந்துகொண்டே வரும். வளையம் முகப்பைத் தொட்டுவிட்டால் கூம்பைப் பிடிக்கவே முடியாது. கியர்பாக்ஸைப் பிரிக்கும் மெக்கானிக் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளைக் கொண்டு அளப்பது இந்த இடைவெளியைத்தான்.

கேள்வி: ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4-ஐ விட உயர்ந்த தரம்தானே? சக்தி கூட்டப்பட்ட என் காருக்கு உயர்ந்ததையே ஊற்றுவதில் என்ன தவறு? ஆனால் சுபாரு வைத்திருக்கும் என் உறவினருக்கு, அந்த நிறுவனமே ஜிஎல்-5 ஊற்றச் சொல்லியிருக்கிறது. குழப்பமாக இருக்கிறது.

பதில்: உங்கள் குழப்பம் நியாயமானது. அந்த எண்களைப் பார்க்கும் எவருக்கும் ஐந்து நான்கைவிட மேலானது என்றே தோன்றும். ஏபிஐ என்னும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் வகைப்பாட்டில் இவை படிக்கட்டுகள் அல்ல. வெவ்வேறு வேலைகளுக்கான குறிப்புகள். ஜிஎல்-5 முதன்மையாக, சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலில் உள்ள ஹைப்பாய்டு கியர்களுக்கானது. அங்கே பற்கள் உருள்வதோடு நில்லாமல், பெரும் அழுத்தத்தில் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன. சாதாரண எண்ணெய்ப் படலம் அதில் கிழிந்துவிடும் என்பதால், கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த சேர்மங்கள் அதிக அளவில் கலக்கப்படுகின்றன. அவை சூட்டில் இரும்போடு வினைபுரிந்து, பற்களின் மேல் ஒரு காப்புப் படிவத்தை உண்டாக்குகின்றன. ஜிஎல்-4-இல் இந்தச் சேர்மங்களின் அளவு கணிசமாகக் குறைவு.

சின்க்ரோவுக்கு இதனால் இரண்டு தொல்லைகள் வருகின்றன. ஒன்று, வினைத்திறன் மிக்க கந்தகம் செம்பு கலந்த உலோகங்களை, குறிப்பாக அதிகச் சூட்டில், அரிக்கக்கூடியது. இன்றைய ஜிஎல்-5 எண்ணெய்கள் சிலவற்றில் இந்த அரிப்பைக் கட்டுப்படுத்தும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. செம்புத் தகட்டை எண்ணெயில் சூடாக்கி, அதன் நிறமாற்றத்தைப் பார்க்கும் சோதனையில் அவை தேறவும் செய்கின்றன. எனவே, பித்தளை கரைந்தே போய்விடும் என்று அஞ்சுவது மிகை. என் கணிப்பில் இரண்டாவது தொல்லையே பெரியது: இந்தச் சேர்மங்கள் உராய்வைக் குறைப்பதால் வளையம் கூம்பைப் பிடிக்க அதிக நேரம் எடுக்கிறது. அரிப்பு பல ஆண்டுகளில் தெரிவது. இது அன்றைக்கே தெரிவது.

சுபாருவின் கதை வேறு. அந்தக் கார்களில் இன்ஜின் நீளவாக்கில் அமைந்து, முன் டிஃபரென்ஷியல் கியர்பாக்ஸின் கூட்டுக்குள்ளேயே, அதே எண்ணெயில் மூழ்கி இயங்குகிறது. அங்கே ஹைப்பாய்டு கியர் இருப்பதால் 75டபிள்யூ-90 பாகுத்தன்மையில் ஜிஎல்-5 தேவைப்படுகிறது. சின்க்ரோக்களும் அதற்கேற்பவே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. ‘சின்க்ரோவுக்கு ஜிஎல்-4 நல்லது’ என்ற அரைகுறைச் செய்தியைக் கேட்டு உங்கள் உறவினர் அதை மாற்றினால், நறநறப்பு குறையலாம். டிஃபரென்ஷியலின் பற்கள் பறிபோகலாம். உங்கள் காரில் டிஃபரென்ஷியல் தனிக் கூட்டில், தனி எண்ணெயோடு இருந்து, நிறுவனம் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று குறித்திருந்தால் அதையே ஊற்றுங்கள். எண்ணெயைத் தீர்மானிப்பது கூட்டுக்குள் எந்த வகைக் கியர்களும் எந்த வகைச் சின்க்ரோக்களும் இருக்கின்றன என்பதே. இன்ஜினின் குதிரைத்திறன் அன்று. ஒரே டப்பாவில் ‘ஜிஎல்-4/ஜிஎல்-5’ என்று இரண்டையும் அச்சிட்டிருந்தால், தயாரிப்பாளரின் தகவல் தாளில் சின்க்ரோ உள்ள கியர்பாக்ஸுக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதியிருந்தாலொழிய, நான் அதைத் தொட மாட்டேன்.

கேள்வி: என் பழைய ஹோண்டாவின் கையேட்டில் கியர்பாக்ஸுக்கு 10டபிள்யூ-30 இன்ஜின் ஆயில் ஊற்றலாம் என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

பதில்: அச்சுப்பிழை இல்லை. பழைய ஹோண்டா கார்கள் பலவற்றுக்கு அப்படித்தான் பரிந்துரைத்தார்கள். பின்னாளில் அந்த நிறுவனம் கியர்பாக்ஸுக்கென்றே தனி எண்ணெயை வெளியிட்டு, இன்ஜின் ஆயிலை மாற்று ஏற்பாடாக மட்டும் குறித்தது. 30-ஐயும் 90-ஐயும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதால்தான் இந்த ஐயம் எழுகிறது. இன்ஜின் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த அளவுகோல்கள் வேறு வேறு. 100 டிகிரி செல்சியஸில் இன்ஜின் ஆயிலின் 40 என்பது 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரை. கியர் ஆயிலின் 90 என்பது 13.5 முதல் 18.5 வரை. இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிமன்தான். உங்கள் கையேட்டின் 30 அந்த 40-க்கு ஒரு படிதான் கீழே.

அமெரிக்க வேகக் கார்களில் புகழ்பெற்ற டிரெமெக் டி-56 கியர்பாக்ஸுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் சிவப்பு எண்ணெயான ஏடிஎஃப்தான் குறிக்கப்பட்டது. டாட்ஜ் வைப்பர் போன்ற, முறுக்குவிசை மிகுந்த கார்களைத் தாங்கிய கியர்பாக்ஸ் அது. அத்தகைய கியர்பாக்ஸில், ‘இவ்வளவு சக்திக்கு இவ்வளவு மெல்லிய எண்ணெயா’ என்று அஞ்சித் தடிமனான கியர் ஆயிலை ஊற்றினால், அதிலுள்ள மென்பூச்சுச் சின்க்ரோக்கள் கெடுவதுதான் மிச்சம்.

கேள்வி: காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது.

பதில்: குளிர்ந்த எண்ணெயின் தடிமன்தான் பெரும்பாலும் காரணம். எண்ணெய் சூடேறும் வரை அழுத்தித் தள்ளாமல், சுற்றைக் குறைவாக வைத்து, லிவரைச் சின்க்ரோவின் மேல் ஒரு கணம் அணைத்துப் பிடித்து மாற்றுங்கள். குறித்ததைவிடத் தடிமனான எண்ணெய் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: இரட்டைத் தகட்டுக் கிளட்ச் பொருத்திய பிறகு எல்லாக் கியர்களுமே நறநறக்கின்றன. ரிவர்ஸ் கியர் மிக மோசம். மூன்று விதமான எண்ணெய்களை மாற்றிப் பார்த்துவிட்டேன், பலனில்லை.

பதில்: எண்ணெய் மாற்றுவதை நிறுத்துங்கள். ஒரே ஒரு கியர் தொல்லை தந்தால் அந்தக் கியரின் சின்க்ரோவைச் சந்தேகிக்க வேண்டும். எல்லாக் கியர்களும் சேர்ந்து தொல்லை தந்தால், அதுவும் கிளட்ச் மாற்றிய மறுநாளிலிருந்தே தந்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்றே முதலில் கொள்ள வேண்டும். கிளட்ச் மிதித்த பிறகும் தகடு சிறிதளவு இழுபட்டுக்கொண்டிருந்தால், சின்க்ரோ இன்ஜினையே எதிர்த்துப் போராட வேண்டியிருக்கும். எந்த எண்ணெயும் அந்தப் போராட்டத்தில் அதை வெல்ல வைக்காது.

இதை உறுதி செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. காரைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, கிளட்ச்சை அடிவரை மிதித்துப் பத்து விநாடி அப்படியே காத்திருங்கள். பிறகு மெதுவாக ரிவர்ஸ் கியர் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸ் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. கிளட்ச் சரியாக விடுபட்டிருந்தால் இந்தப் பத்து விநாடிக்குள் உள்ளே சுழன்றுகொண்டிருந்த தண்டு தானே நின்றிருக்கும். ரிவர்ஸ் ஓசையின்றி விழும். அப்போதும் நறநறத்தால், தண்டை ஏதோ ஒன்று இன்னும் சுழற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது கிளட்ச்சை இயக்கும் ஹைட்ராலிக் குழாயில் புகுந்த காற்றாக இருக்கலாம்; மாஸ்டர் அல்லது ஸ்லேவ் சிலிண்டரின் கசிவாக இருக்கலாம்; சூட்டில் ரப்பர் குழாய் உப்பி, பெடல் இயக்கத்தின் ஒரு பகுதியை விழுங்குவதாக இருக்கலாம்; வளைந்த தகடாகவோ, தண்டின் முனையை இன்ஜின் பக்கத்தில் தாங்கும் பைலட் பேரிங் இறுகிப்போனதாகவோ இருக்கலாம். பைலட் பேரிங் இறுகினால் கிளட்ச் சரியாக இருந்தும் தண்டு இன்ஜினோடு சேர்ந்தே சுழலும். கிளட்ச்சை மாற்றி மாற்றிப் பார்த்தும் தீராத சில வழக்குகளின் வேர் இதுதான்.

சோதனையில் ரிவர்ஸ் சரியாக விழுந்து, ஓட்டத்தில் மட்டும் தொல்லை தொடர்ந்தால் புதிய கிளட்ச்சின் எடையைப் பாருங்கள். இரண்டு தகடுகளும் சேர்ந்து பழைய ஒற்றைத் தகட்டைவிடக் கனமாக இருந்தால், சின்க்ரோ ஒவ்வொரு முறையும் வேகம் மாற்ற வேண்டிய சுமையும் கூடுகிறது. வேகப் போட்டிக்கென்று வாங்கிய கிளட்ச்சே கியர் மாற்றும் வேகத்தைக் குறைத்துவிடக்கூடும் என்பதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

கேள்வி: பந்தயத் தடத்தில் ஓட்டும்போது வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபடியே குதிகாலால் ஆக்ஸிலரேட்டரையும் தட்டி, சுற்றைக் கூட்டித்தான் கீழ்க் கியருக்கு வருகிறேன். முறையாகச் செய்தும் மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது நறநறக்கிறதே, ஏன்?

பதில்: கால் வித்தையில் தேர்ந்த பலரும் கவனிக்கத் தவறும் இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். கிளட்ச் மிதித்திருக்கும் நிலையில் ஆக்ஸிலரேட்டரைத் தட்டினால் இன்ஜின் மட்டுமே வேகமெடுக்கிறது. கியர்பாக்ஸுக்குள் வரும் தண்டு இன்ஜினிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கிறது. அதனால் கிளட்ச்சை விடும்போது வண்டி குலுங்காது. பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. அந்த அளவில் உங்கள் முறை சரியே. சின்க்ரோவின் வேலையை மட்டும் அது ஒரு துளிகூடக் குறைக்கவில்லை. 5,250 சுற்றில் இருந்த தண்டை 7,000-க்கு ஏற்ற வேண்டிய பொறுப்பு முழுவதும் இன்னும் அந்தப் பித்தளை வளையத்தின் மீதே இருக்கிறது. கீழ்க் கியருக்கு வரும்போது எண்ணெயின் இழுவையும் எதிர்த்திசையில் வேலை செய்வதால், மேல் கியருக்குப் போவதைவிட இது கடினம்.

அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டுமென்றால் இரட்டைக் கிளட்ச் முறையே வழி. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். நியூட்ரலிலேயே கிளட்ச்சை விட்டு ஆக்ஸிலரேட்டரைத் தட்டுங்கள். தண்டும் இன்ஜினோடு சேர்ந்து வேகமெடுக்கும். மீண்டும் கிளட்ச்சை மிதித்து இரண்டாவது கியரைப் போடுங்கள். இதுவே நல்ல பரிசோதனையும் ஆகும்: இந்த முறையில் நறநறப்பு அடியோடு மறைந்தால் கிளட்ச் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, சின்க்ரோதான் தளர்ந்திருக்கிறது என்று தெளிவாகும். தடத்தில் ஒவ்வொரு வளைவிலும் இதைச் செய்ய நேரமிருக்காது என்பது உண்மை. சாலையில் செய்து பழகினால் சின்க்ரோவின் ஆயுள் நீளும்.

இன்னொரு வேண்டுகோள். நேர்ப்பாதையில் கையை லிவரின் மேல் சாய்த்து வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தச் சிறு அழுத்தம், ஸ்லீவை நகர்த்தும் கவையான கியர் ஃபோர்க்கை, சுழலும் ஸ்லீவின் மீது ஓயாமல் உரசவைக்கிறது.

கேள்வி: பழைய எண்ணெயை வடித்தபோது தட்டில் தங்கப்பொடி கலந்ததுபோல மின்னியது. திருகின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பும் ஒட்டியிருந்தது. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டுமா? எண்ணெய் மாற்றும் சரியான முறையையும் சொல்லுங்கள்.

பதில்: காந்தத்தில் ஒட்டிய களிம்பை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மை போல வழவழப்பாக இருந்தால் அது கியர் பற்களின் இயல்பான தேய்மானம், அஞ்ச வேண்டியதில்லை. நெருடினாலோ, ஊசி போன்ற எஃகுச் சில்லுகள் தென்பட்டாலோ பல் எங்கோ உடைந்திருக்கிறது. அந்தக் காரை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். தங்கநிற மினுக்கம் காந்தத்தில் ஒட்டாது, எண்ணெயிலேயே மிதக்கும். அது சின்க்ரோ வளையத்தின் பித்தளை. தட்டைச் சூரிய ஒளியில் சாய்த்துப் பார்க்கும்போது மட்டும் தெரியும் மெல்லிய மினுக்கம் பழைய எண்ணெயில் வழக்கமானது. கண்ணுக்குத் தெரியும் செதில்களாகப் பித்தளை கிடந்து, ஏதாவது ஒரு கியரும் நறநறத்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

எண்ணெய் மாற்றும்போது வடிக்கும் திருகுக்கு முன் ஊற்றும் திருகைத் தளர்த்துங்கள். ஆண்டுக்கணக்கில் திறக்காத ஊற்றும் திருகு இறுகிப்போய், எண்ணெயை முழுவதும் வடித்த பிறகு திறக்க மறுத்தால் கார் அங்கேயே நின்றுவிடும். சிறிது தூரம் ஓட்டி, எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வெளியேறும். காரின் நான்கு மூலைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கி நிறுத்தி ஊற்றினால் அளவு தவறும். பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் ஊற்றும் துளையின் விளிம்பிலிருந்து எண்ணெய் மெல்ல வழியத் தொடங்குவதே சரியான மட்டம். சிலவற்றுக்குக் கையேடு வேறு மட்டம் குறிக்கும். நல்லதுதானே என்று கூடுதலாக ஊற்றினால் எண்ணெய் நுரைத்துச் சூடேறி, சீல் வழியாகக் கசிந்து கிளட்ச் தகட்டை நனைக்கக்கூடும். வாஷர்களைப் புதிதாகப் போட்டு, குறித்த முறுக்கு அளவில் மட்டும் இறுக்குங்கள். கூடு அலுமினியம் என்பதால் மரை எளிதில் பிய்ந்துவிடும்.

கடைகளில் கிடைக்கும் உராய்வு குறைப்பான் புட்டிகளைக் கியர்பாக்ஸில் சேர்க்கலாமா என்றும் சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலின் தகடுகளுக்கென்று தயாரானவை அவற்றில் பல. சின்க்ரோவுக்கு வேண்டிய உராய்வையே அவை பறித்துவிடும், சேர்க்காதீர்கள். ‘ஆயுள் முழுவதும் எண்ணெய் மாற்ற வேண்டாம்’ என்று கையேட்டில் எழுதியிருந்தாலும், தடத்தில் ஓடும் காருக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். சின்க்ரோக்களைப் புதுப்பித்திருந்தால் முதல் 1,000 கிலோமீட்டர் வாக்கில் ஒரு முறை வடித்துவிட்டு, அதே எண்ணெயைப் புதிதாக ஊற்றுவது நல்லது. புதிய வளையங்கள் கூம்போடு பொருந்தும்போது உதிரும் பொடி அதில் வெளியேறிவிடும்.